பானைக்குள் ஒரு விருந்தாளி
(புதிதாக வந்த பாம்பைப் பேணுவதும் பழக்குவதும் பற்றி ஓர் உயிரியல் கட்டுரை)



'பாம்பென்றால் படையும் நடுங்கும்' என்பது நம் பழமொழி. ஆனால் பாம்பை விலை கொடுத்து வாங்கி, கண்ணாடிப் பெட்டியில் வைத்து, நாய், பூனை போல வீட்டில் வளர்ப்பவர்களும் இவ்வுலகில் உள்ளனர். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அவ்வாறு வளர்க்கப்படும் பாம்புகளில் மிகுதியாக விரும்பப்படுவது 'பால் பைதான்' என்னும் சிறிய மலைப்பாம்பு. 'பால்' என்றதும் இது பால் குடிக்கும் பாம்பு என்று எண்ணிவிட வேண்டாம். ஆங்கிலத்தில் 'பால்' என்றால் பந்து. அச்சம் வந்தால் இப்பாம்பு சீறிப் பாய்வதில்லை. தலையை நடுவில் வைத்து, உடலைச் சுற்றிச் சுருட்டி, ஒரு பந்தாகிவிடும். ஆகவே நாம் இதைப் பந்து மலைப்பாம்பு என்றே அழைப்போம்.

இதன் தாயகம் மேற்கு ஆப்பிரிக்காவும் நடு ஆப்பிரிக்காவும். கானா, டோகோ, பெனின் ஆகிய நாடுகளில் மிகுதி. வளர்ந்த பாம்பு மூன்று முதல் ஐந்து அடி நீளம் இருக்கும். நஞ்சு இல்லை. பெனின் நாட்டின் வீடா என்னும் ஊரில் இப்பாம்புகளுக்கென்றே ஒரு கோயில் உண்டு. அதற்கு நேர் எதிரே அமலோற்பவ அன்னையின் பேராலயம் நிற்கிறது. கோயிலை விட்டு ஊருக்குள் ஊர்ந்து வரும் பாம்பை அவ்வூர் மக்கள் அடிப்பதில்லை. எடுத்துச் சென்று கோயிலிலேயே விட்டுவிடுகிறார்கள். புற்றைக் கண்டால் விலகி நடக்கும் நம் கிராமத்து மக்களை இது நினைவூட்டுகிறது அல்லவா?

பாம்பை வளர்க்க இயலுமா? பழக்க இயலுமா? பழக்குவது என்றால் என்ன? இவ்வினாக்களுக்கு விடை தேடி நாம் ஆப்பிரிக்காவுக்குச் செல்ல வேண்டியதில்லை. நமது செங்கற்பட்டுச் சீமையிலேயே அதற்கொரு பாடசாலை இருக்கிறது.

வடநெம்மேலியின் பானைகள்

மாமல்லபுரத்திற்குச் சுற்றுலா செல்லாத பள்ளி நம் பக்கத்தில் இல்லை எனலாம். அங்கே 'அர்ச்சுனன் தபசு' பாறையின் நடுப்பிளவில் நாகராசனும் நாகராணியும் மேல்நோக்கி எழுந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே சிறிது தொலைவு வந்தால் வடநெம்மேலி. இங்கே 1976-ஆம் ஆண்டு ரோமுலஸ் விட்டேக்கரும் அவருடைய துணைவியார் சாய் விட்டேக்கரும் தொடங்கிய முதலைப் பண்ணை இருக்கிறது. அந்த வளாகத்திற்குள்தான் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது.

இருளர்கள் செங்கற்பட்டு, திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களில் வாழும் பழங்குடி மக்கள். மண்ணில் உள்ள தடத்தைப் பார்த்தே எந்தப் பாம்பு, எந்தப் பக்கம் சென்றது என்று கூறும் அறிவு அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வந்தது. முற்காலத்தில் அவர்கள் பாம்புகளைப் பிடித்துத் தோலுக்காக விற்று வந்தனர். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-இல் பாம்புத்தோல் ஏற்றுமதியும் தடை செய்யப்பட்டது. பாம்புகளுக்கு அது நல்ல காலம். ஆனால் அந்த ஒரே தொழிலை நம்பியிருந்த குடும்பங்களுக்கு அடுப்பு எரியாத காலம்.

பாம்பையும் கொல்லக்கூடாது, மனிதரும் பட்டினி கிடக்கக்கூடாது. இதற்கு ஒரு வழி கண்டுபிடிக்கப்பட்டது. பாம்பின் தோலுக்குப் பதில் நஞ்சை எடுப்போம், எடுத்தபின் பாம்பைக் காட்டிலேயே விட்டுவிடுவோம் என்பதே அது. 1978-இல் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. நல்லபாம்பு, கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கு வகைகளை மட்டும், வனத்துறை அனுமதிக்கும் எண்ணிக்கைக்குள் உறுப்பினர்கள் பிடித்து வருகிறார்கள். உறுப்பினர்களில் பெண்களும் உண்டு என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

பிடித்து வந்த பாம்பு எங்கே வைக்கப்படுகிறது? இரும்புக் கூண்டிலோ கண்ணாடிப் பெட்டியிலோ அன்று. நம் பாட்டிமார் தண்ணீர் வைக்கும் மண்பானை போன்ற பானையில்! அடியில் மணல் பரப்பி, பாம்பை உள்ளே விட்டு, வாயைப் பருத்தித் துணியால் கட்டிவிடுகிறார்கள். நிழலான இடத்தில் வரிசை வரிசையாகப் பானைகள். இந்தப் பானைக்குள் மூன்று நான்கு வாரங்கள் பாம்பு ஒரு விருந்தாளி. வாரத்திற்கு ஒரு முறை என்று நான்கு முறை நஞ்சு எடுப்பார்கள். பிறகு வயிற்றுப்புறச் செதிலில் ஒரு சிறு அடையாளம் வெட்டி, காட்டில் விட்டுவிடுவார்கள். அதே பாம்பு விரைவில் மீண்டும் பிடிபட்டால் அடையாளத்தைக் கண்டு திருப்பி விட்டுவிடலாம். புதிய தோல் உரிய உரிய அந்த அடையாளம் மெல்ல மறைந்துவிடும்.

எளிய பானைதானே என்று நாம் எண்ணக்கூடாது. புதிய பாம்பைப் பேணும் கலையின் முதல் பாடம் முழுவதும் அதற்குள் அடங்கியிருக்கிறது.

முதல் தேவை: ஒளிந்துகொள்ள ஓர் இடம்

நாய்க்குட்டியை வீட்டிற்குக் கொண்டு வந்தால் எல்லோரும் சூழ்ந்துகொண்டு கொஞ்சுகிறோம். அதுவும் வாலை ஆட்டுகிறது. புதிய பாம்பிடம் இவ்வாறு நடந்துகொண்டால் அது தன் உயிருக்கே ஆபத்து வந்துவிட்டதாகக் கருதும். வயல்வெளியில் அதன் தலைக்கு மேலே பருந்து, எதிரே கீரி. ஆகவே மறைவிடம் இல்லாத பாம்புக்கு அமைதி இல்லை.

பந்து மலைப்பாம்பு தன் தாயகத்தில் பகலெல்லாம் எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் சுருண்டு கிடக்கும். இரவில்தான் வெளியே வரும். அதை வளர்ப்பவர்கள் பெட்டிக்குள் இரண்டு மறைவிடங்கள் வைக்க வேண்டும் என்று நூல்கள் கூறுகின்றன. ஒன்று வெதுவெதுப்பான பக்கத்தில், மற்றொன்று குளிர்ச்சியான பக்கத்தில். மறைவிடம் பெரிதாக இருந்தால் பயனில்லை. உடலின் எல்லாப் பக்கமும் சுவரில் உரசும்படி நெருக்கமாக இருந்தால்தான் பாம்புக்கு நிம்மதி.

இப்போது பானையை நினைத்துப் பாருங்கள். வட்டமான சுவர், இருட்டு, உடலுக்கு அடியில் மணல். அது எலி வளையைப் போலவே இருக்கிறது. பாம்பு எதை வீடு என்று கருதுமோ அதையே இருளர்கள் அதற்குக் கொடுத்திருக்கிறார்கள்.

புதிய பாம்பைக் குறைந்தது ஒரு வாரமாவது தொடாமல் விட வேண்டும். தண்ணீர் மாற்றலாம், கழிவை அகற்றலாம். அதற்கு மேல் ஒன்றும் செய்யக்கூடாது. வாங்கி வந்த அன்றே எடுத்து எல்லோரிடமும் காட்ட வேண்டும் என்னும் ஆவலை அடக்குவதுதான் வளர்ப்பவருக்கு வரும் முதல் தேர்வு.

வெப்பமும் ஈரமும்

நம் உடல் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்கிறது. மார்கழியிலும் சித்திரையிலும் நமது உடல் வெப்பம் ஏறக்குறைய ஒன்றே. பாம்புக்கு அந்த வசதி இல்லை. சுற்றுப்புறத்தின் சூடே அதன் சூடு. உண்ட இரை செரிப்பதற்கும், நோயை எதிர்ப்பதற்கும், ஊர்வதற்கும் அதற்கு வெளிச்சூடு வேண்டும்.

எனவே பந்து மலைப்பாம்பின் பெட்டியில் ஒரு பக்கம் 31 அல்லது 32 டிகிரி சென்டிகிரேடும், மறுபக்கம் 25 அல்லது 26 டிகிரியும் இருக்குமாறு வைக்கிறார்கள். எந்தப் பக்கம் வேண்டும் என்பதைப் பாம்பே தீர்மானித்துக்கொள்ளும். குளிர் நாட்டு நூல்களில் எப்படிச் சூடேற்றுவது என்றே பக்கம் பக்கமாக எழுதியிருக்கும். நமது கடற்கரைக்கு அந்தப் பாடம் தலைகீழ். அக்கினி நட்சத்திரக் காலத்தில், சன்னல் ஓரம் வெயில் படும் கண்ணாடிப் பெட்டியில் ஒரு பாம்பை வைத்தால் சிறிது நேரத்தில் அது வெந்து மடிந்துவிடும். மண்பானையின் தடித்த சுவர் வெளிச்சூட்டை உடனே உள்ளே விடுவதில்லை. பருத்தித் துணி வழியே காற்று போய்வருகிறது. விலை குறைந்த பொருள், ஆனால் நம் தட்பவெப்பத்திற்கு ஏற்ற பொருள்.

காற்றில் ஈரமும் வேண்டும். பாம்பு வளர வளரப் பழைய தோலைச் சட்டையைப் போல் கழற்றுகிறது. ஈரம் போதுமானால் சட்டை முழுதாக, உட்புறம் வெளியே வருமாறு, காலுறையைக் கழற்றுவது போல் உரிந்து வரும். காற்று வறண்டிருந்தால் துண்டு துண்டாகக் கிழியும். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருப்பது கண்ணாடி போன்ற ஒரு செதில். அந்தச் செதிலின் பழைய படலம் உரியாமல் ஒட்டிக்கொண்டால் பார்வை கெடும். சட்டை உரிக்கும் முன் சில நாட்கள் கண் பாலேறியது போல் மங்கும். அந்நாட்களில் பாம்புக்குப் பார்வை சரியில்லை, ஆகவே எளிதில் அஞ்சும். அப்போது அதைத் தொடாதிருப்பதே நலம்.

குடிப்பதற்குத் தூய தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். பால் பாம்பின் உணவு அன்று. பாலூட்டிகளின் குட்டிகளுக்காக இயற்கை படைத்தது பால். பாம்பின் வயிறு அதைச் செரிக்க அமைந்ததன்று. தண்ணீர் கொடுக்காமல் தாகத்தால் வாடவிட்ட பாம்பு எதிரே எதை வைத்தாலும் குடிக்கும். பாம்பாட்டியின் பாம்பு பால் குடிப்பதன் இரகசியம் இதுவே.

உணவு

பாம்பை வளர்ப்பதில் நமக்கு மிகவும் வியப்பாக இருப்பது அதன் பசி. நாம் நாளுக்கு மூன்று வேளை உண்கிறோம். வளர்ந்த பந்து மலைப்பாம்புக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு ஓர் எலி போதும். குட்டிக்கு வாரம் ஒரு முறை. இரையின் பருமன் பாம்பு உடலின் மிகப் பருத்த பகுதியின் அளவுக்கு மேல் போகக்கூடாது.

உயிருள்ள எலியைப் பெட்டிக்குள் விடுவது சரியன்று. பாம்புக்குப் பசியில்லை என்றால் அந்த எலி பாம்பையே கடித்துப் புண்ணாக்கிவிடும். கொன்று, பனியில் உறைய வைத்து, பிறகு வெதுவெதுப்பாக்கிய எலியையே கொடுக்கிறார்கள். மலைப்பாம்பின் உதட்டோரத்தில் சிறு குழிகள் உண்டு. அவை இரையின் உடற்சூட்டை இருளிலும் உணரும் உறுப்புகள். ஆகவே குளிர்ந்து கிடக்கும் இரையை அது பெரும்பாலும் இரையாகவே கருதாது.

புதிய இடத்திற்கு வந்த பாம்பு பல வாரங்கள் உண்ண மறுப்பது வழக்கம். பந்து மலைப்பாம்பு சில வேளைகளில் மாதக்கணக்கில் கூட உண்ணாமல் இருக்கும். பதறிப்போய் வாயைத் திறந்து திணிப்பவர்கள் பாம்பைக் கெடுக்கிறார்கள். சூடு சரியா, மறைவிடம் உண்டா, தண்ணீர் உண்டா என்று பார்க்க வேண்டும். உடல் எடை குறையாதவரை பொறுத்திருக்க வேண்டும். எடை குறைந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். உண்ட பின் இரண்டு நாட்கள் எடுத்து அலைக்கழிக்கக் கூடாது. அலைக்கழித்தால் உண்டதைக் கக்கிவிடும்.

கையில் எடுத்தல்

இனித்தான் பழக்கும் பாடம் வருகிறது. நஞ்சற்ற பந்து மலைப்பாம்பைக் கையில் எடுப்போர் கடைப்பிடிக்கும் விதிகள் இவை.

1. எலியைத் தொட்ட கையோடு பாம்பைத் தொடக்கூடாது. பாம்பு நாவை நீட்டிக் காற்றிலுள்ள மணத்துகள்களை எடுத்து, மேலண்ணத்தில் உள்ள உறுப்பால் முகர்கிறது. கையில் எலி மணம் வீசினால் கையும் எலிதான்.

2. மேலிருந்து கையை நீட்டக்கூடாது. பருந்து வருவது மேலிருந்துதான். பக்கவாட்டில், மெதுவாக, உடலின் நடுப்பகுதியை நோக்கிக் கை செல்ல வேண்டும்.

3. தலையை அழுத்திப் பிடிக்கக்கூடாது. அழுத்தினால் அது உயிருக்குப் போராடும். இரு கைகளாலும் உடலைத் தாங்கினால் போதும். பாம்பு கையின் மேல் போகட்டும். கை பாம்பை நெரிக்க வேண்டாம்.

4. முதல் நாட்களில் ஐந்து நிமிடம் போதும். கழுத்தை 'எஸ்' எழுத்துப் போல் பின்னுக்கு வளைத்தாலோ, சீறினாலோ, பந்தாகச் சுருண்டாலோ 'இன்று வேண்டாம்' என்று அது சொல்வதாகக் கொள்ள வேண்டும்.

5. முகத்தருகே கொண்டு செல்லக்கூடாது. எடுத்த பின் சவுக்காரமிட்டுக் கைகளைக் கழுவ வேண்டும். ஊர்வனவற்றின் உடலில் 'சால்மோனெல்லா' என்னும் நோய்க்கிருமி இருக்கக்கூடும். அது குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் உண்டாக்கும்.

வடநெம்மேலியில் நஞ்செடுப்பவர்களின் கைகளைப் பார்த்தால் இதே பொறுமை தெரியும். பாம்பைக் கொக்கியால் தூக்கி, படபடப்பின்றி வைத்து, வாய் மூடிய கண்ணாடிக் குடுவையின் மெல்லிய உறையைக் கடிக்கச் செய்கிறார்கள். மஞ்சள் நிறத்தில் சில துளிகள் விழுகின்றன. அவ்வளவுதான். மீண்டும் பானைக்குள் விடுகிறார்கள். ஆனால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அவர்கள் கையாள்வது நஞ்சுள்ள பாம்பு. சிறு வயது முதல் கற்ற திறமை அது. பார்த்த ஒரே நாளில் நாமும் செய்துவிடலாம் என்று எவரும் முயலக்கூடாது.

பாம்பு பழகுமா?

நாய் நம்மிடம் அன்பு கொள்கிறது. பாம்பும் அவ்வாறு கொள்ளுமா? கொள்ளும் என்பதற்குச் சான்று இல்லை. பாம்பிடம் நிகழ்வது வேறு.

செங்கற்பட்டு இரயில் நிலையத்தை அடுத்துக் குடியிருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். குடிவந்த முதல் வாரம் ஒவ்வொரு வண்டிக்கும் தூக்கம் கலையும். பிறகு இரவு முழுவதும் வண்டிகள் ஓடினாலும் அவர்கள் அயர்ந்து உறங்குவார்கள். இரயிலின் மேல் அவர்களுக்கு அன்பு வந்துவிட்டது என்று பொருளில்லை. அதனால் தீங்கில்லை என்று உடல் அறிந்துகொண்டது. பாம்பு பழகுவதும் இவ்வாறே. இந்தக் கை வரும், தூக்கும், திருப்பி வைக்கும், ஒன்றும் செய்யாது என்று அது பலமுறை கண்டு அடங்குகிறது. ஒருமுறை கை முரட்டுத்தனமாக நடந்தால் கற்ற பாடம் அத்தனையும் வீணாகிவிடும்.

அப்படியானால் இந்தப் பயிற்சியில் மிகுதியாக மாறுவது யார்? பாம்பு மாறுவது சிறிதே. வளர்ப்பவர்தான் மெதுவாக நகரவும், ஆவலை அடக்கவும், பேசாத உயிரின் குறிப்பை அறியவும், மறுத்தால் விலகவும் கற்றுக்கொள்கிறார். பாம்பைப் பழக்குகிறேன் என்று தொடங்குபவர் தம்மையே பழக்கிக்கொள்கிறார்.

சட்டம் என்ன சொல்கிறது?

'அப்படியானால் நானும் ஒன்று வளர்க்கலாமா?' என்று சில தோழியர் கேட்பது காதில் விழுகிறது.

நம் நாட்டு மலைப்பாம்பை வளர்க்கவே முடியாது. அது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர். பிடிப்பதும், விற்பதும், வீட்டில் வைத்திருப்பதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். பந்து மலைப்பாம்பு அயல்நாட்டு உயிர். ஆனாலும் அழியும் நிலை வராமல் காக்க வேண்டிய உயிர்களின் பன்னாட்டு வணிக உடன்படிக்கையில் அதன் பெயரும் உண்டு. நம் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டது. 2024-இல் வந்த விதிகளின்படி இத்தகைய அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்போர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். சென்னை விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளிலிருந்து இப்பாம்புகளைச் சுங்க அதிகாரிகள் பலமுறை கைப்பற்றியிருக்கிறார்கள். துணிப்பையில் கட்டி, பெட்டியில் அடைத்து, காற்றும் தண்ணீரும் இன்றிக் கடல் கடந்து வரும் உயிர்கள்! கடையில் அழகாகத் தெரியும் பாம்பு எந்த வழியாக வந்தது என்று கேட்காமல் வாங்குபவரும் அந்தக் கொடுமைக்குத் துணை போகிறார்.

காலத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பந்து மலைப்பாம்பு இருபது முப்பது ஆண்டுகள் வாழும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சி சாலையில், அறுபது வயதைக் கடந்ததாகக் கணிக்கப்பட்ட ஒரு பாம்பு 2020-ஆம் ஆண்டு ஏழு முட்டைகள் இட்டது. எட்டாம் வகுப்பில் ஆசைப்பட்டு வாங்கும் பாம்பு, வாங்கியவர் பாட்டியான பிறகும் உயிரோடு இருக்கக்கூடும்!

ஃபுளோரிடா தந்த பாடம்

ஆசை தீர்ந்தபின் பாம்பை என்ன செய்வது? 'காட்டில் விட்டுவிட்டால் போயிற்று' என்று பலர் எண்ணினார்கள். அதன் விளைவை அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் இன்றும் அனுபவித்து வருகிறது.

தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்த பர்மிய மலைப்பாம்புகள் அங்கே வளர்ப்புப் பிராணிகளாக விற்கப்பட்டன. குட்டியாக இருக்கும்போது அழகு. வளர்ந்தால் பதினைந்து அடிக்கும் மேல். சமாளிக்க இயலாதவர்கள் அவற்றைச் சதுப்பு நிலங்களில் விட்டனர். சில தாமே தப்பின. அங்கே அவை பெருகின. எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவின் தென்பகுதியில் ரக்கூன் என்னும் விலங்கு கண்ணில் படுவது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு குறைந்துவிட்டது என்று 2012-இல் வெளியான ஆய்வு கூறியது. அதே ஆண்டில் அந்நாட்டு அரசு பர்மிய மலைப்பாம்பின் இறக்குமதியைத் தடை செய்தது.

அந்தப் பாம்புகளைத் தேடிப் பிடிக்க ஃபுளோரிடாவின் அதிகாரிகளும் பல்கலைக்கழகத்தாரும் யாரை அழைத்தார்கள் தெரியுமா? நமது இருளர்களை! 2017 ஜனவரியில் திரு. மாசி சடையன், திரு. வடிவேல் கோபால் இருவரும் அங்கே சென்றார்கள். மொழி தெரியாது, நிலம் புதிது, பாம்பின் இனமும் புதிது. ஆயினும் தடம், எச்சம், உரித்த சட்டை, புல் மடிந்திருக்கும் விதம் ஆகியவற்றைப் பார்த்துத் தேடினார்கள். முதல் சில வாரங்களுக்குள்ளேயே பதின்மூன்று பாம்புகள் பிடிபட்டன. அவற்றுள் ஒன்று கீ லார்கோ தீவில், கைவிடப்பட்ட பழைய ஏவுகணைத் தளத்தின் இடிபாட்டுக்குள் கிடந்த பதினாறு அடிப் பெண்பாம்பு. 2023-ஆம் ஆண்டு இவ்விருவருக்கும் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது.

'பாம்பின் கால் பாம்பறியும்' என்பார்கள். பாம்பின் தடம் இருளர் அறிவர் என்பதை ஃபுளோரிடாவும் அறிந்துகொண்டது.

விருந்தாளியை வழியனுப்புதல்

மீண்டும் வடநெம்மேலிக்கு வருவோம். பானையில் இருந்த பாம்பு நான்கு முறை தந்த நஞ்சு, நீர் நீக்கி உலர்த்தப்பட்டுத் தூளாகிறது. மருந்து நிறுவனங்கள் அதை வாங்கிச் செல்கின்றன. அங்கே மிகச் சிறிய அளவுகளில் குதிரைகளின் உடலில் செலுத்துகிறார்கள். குதிரையின் இரத்தத்தில் நஞ்சை முறிக்கும் பொருள் உண்டாகிறது. அதைப் பிரித்தெடுத்துத் தூய்மையாக்கினால் நச்சுமுறி மருந்து. பாம்புக்கடிக்கு மருத்துவமனையில் போடும் ஊசி இதுவே. இந்த நான்கு வகைப் பாம்புகளின் நஞ்சுக்கும் சேர்த்தே ஒரே மருந்து செய்யப்படுகிறது.

இதன் அருமை எத்தகையது? 2000 முதல் 2019 வரையுள்ள இருபது ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 உயிர்கள். பெரும்பாலோர் கிராமத்து ஏழைகள், உழவர்கள், தரையில் படுத்துறங்குபவர்கள். 2024-இல் தமிழ்நாடு அரசு, பாம்புக்கடியைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. நாற்று நடப் போன ஒரு தாயைக் கண்ணாடி விரியன் கடித்தால் அவளைக் காப்பாற்றுவது வேறொரு கண்ணாடி விரியனின் நஞ்சிலிருந்து பிறந்த மருந்துதான். அந்தப் பாம்பைக் கொல்லாமல், பானையில் வைத்துக் காத்து, காட்டுக்குத் திருப்பி அனுப்பிய ஓர் இருளரின் உழைப்பும் அந்த ஊசிக்குள் இருக்கிறது.

வீட்டுப் பெட்டியில் இருக்கும் பாம்பு ஆயுள் முழுவதும் அங்கேயே இருக்கும். பானையில் இருக்கும் பாம்பு சில வாரங்களில் வீடு திரும்பும். இரண்டுக்கும் தேவைப்படுவது ஒரே பேணுதல்தான்: இருட்டு, சரியான சூடு, ஓய்வு, பொறுமையுள்ள கை. ஆனால் பானையின் வாயைக் கட்டும்போதே அதை அவிழ்க்கும் நாளும் முடிவாகிவிடுகிறது.

நாம் செய்யக் கூடியவை

பாம்பை வாங்காமலே பாம்பிடம் நல்லவராக நடந்துகொள்ளலாம். வீட்டைச் சுற்றிக் குப்பையும் செங்கல் குவியலும் சேராமல் பார்த்துக்கொண்டால் எலி வராது. எலி வராவிட்டால் பாம்பும் வராது. இரவில் கைவிளக்கின்றி வெளியே நடக்கக்கூடாது. தரையில் படுப்போர் கொசுவலையின் ஓரங்களைப் பாயின் அடியில் செருகிக்கொண்டால் கட்டு விரியன் அண்டாது. வீட்டிற்குள் பாம்பு வந்துவிட்டால் அடிக்க ஓடாமல், விலகி நின்று, தீயணைப்புத் துறையினரையோ வனத்துறையினரையோ அழைக்க வேண்டும். அடிக்கப் போய்க் கடிபட்டவர்கள் பலர்.

எவரையேனும் பாம்பு கடித்துவிட்டால் கடித்த இடத்தைக் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும் தவறு. கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, மோதிரம், வளையல், கொலுசு ஆகியவற்றைக் கழற்றி, 108 வண்டியை அழைத்து, நச்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்ல வேண்டும். மந்திரித்துப் பார்ப்பதில் கழியும் ஒவ்வொரு நிமிடமும் உயிரின் கணக்கில் கழிகிறது.

அடுத்த முறை மாமல்லபுரச் சுற்றுலா செல்லும்போது, பேருந்தை வடநெம்மேலியில் நிறுத்தும்படி ஆசிரியரைக் கேளுங்கள். முதலைகளைப் பார்த்த பின், நஞ்செடுக்கும் இடத்திற்கும் செல்லுங்கள். நிழலில் வரிசையாக இருக்கும் பானைகளைக் கண்டால் சத்தமிடாமல் நில்லுங்கள். உள்ளே விருந்தாளிகள் இருக்கிறார்கள்.